வண்டி இன்னும் கிளம்பவில்லை

பிஷ்கெக்,
அக்டோபர் 9

பெலெக்,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மாம்பெத் அண்ணன் நாளைக் காலை வேனை எடுத்துக்கொண்டு தாஷ்-கெச்சூ திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் உன் கம்பளிச் சட்டைகள் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். அவை என் பெட்டிக்குள் எப்படி வந்தன என்று கேட்காதே.

சண்டையைப் பற்றி எழுத உட்காரவில்லை. வேலை விஷயமாக ஒன்று தெரிய வேண்டும்.

எங்கள் அலுவலகத்தின் ஏஐ உதவியாளர் அடுத்த மாதம் முதல் உங்கள் மாவட்ட ஆம்புலன்ஸ் எண்ணில் பேசப்போகிறது. உனக்கும் சொல்லியிருப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்காமல் போன் அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்ததே, அந்த எண்தான். இனி அது எடுக்கும், நம் மொழியில் பேசும், உடம்புக்கு என்ன என்று கேட்கும். கேட்டால் மட்டும் போதாது, ஏதாவது செய்யவும் வேண்டுமே. அதற்காக அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறோம். ஒன்று வேலையில் இருக்கும் ஓட்டுநரின் போனை அலறவைக்கும். ஒன்று டாக்டரை இணைப்பில் கொண்டுவரும். எப்போது எதை எடுப்பது என்று அதற்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒவ்வொரு கருவியின் பெயருக்குக் கீழும் சில வரிகள் விளக்கம் இருக்கும். அதைப் படித்துத்தான் முடிவு செய்யும். அது தாஷ்-கெச்சூவைப் பார்த்ததில்லை. உன் வண்டியின் இருமலைக் கேட்டதில்லை. அந்த வரிகளில் இல்லாத எதுவும் அதற்கு உலகத்திலேயே இல்லை.

அந்த வரிகளை எழுதுவதுதான் என் வேலை. "இதுக்கெல்லாமா ஒரு ஆளு?" என்று நீ சிரித்தாய். ஆமாம், இதற்கும் ஒரு ஆள்.

உங்கள் ஆஸ்பத்திரிக் கணினியில் 'தூரக் கோரிக்கை' என்று ஒன்று இருக்கிறதாம். மலைமேல் குளிர்காலக் குடில்களுக்கு வண்டி வேண்டுமென்றால் அதைப் போட வேண்டுமாம். போட்ட பிறகு என்ன நடக்கும்? யார் பார்ப்பார்கள்? வண்டி உடனே கிளம்புமா? ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு பதிலும் இல்லை. நீ தினமும் அதற்குள்தானே இருக்கிறாய். கொஞ்சம் விவரமாக எழுது.

இளவேனிலில் வந்துவிடுவதாகச் சொன்னாய். அதை வைத்துத்தான் அறை பார்த்தேன், இரண்டு பேர் இருக்கிற மாதிரி. ஜன்னலுக்கு நேரே டிராலிபஸ் கம்பி ஓடுகிறது. ஒவ்வொரு பஸ் போகும்போதும் கம்பி அதிர்கிறது. உனக்குப் பிடிக்காது. பழகிவிடும்.

குந்துஸ்


தாஷ்-கெச்சூ,
அக்டோபர் 14

மதிப்புக்குரிய குந்துஸ் அம்மையார் அவர்களுக்கு,

சட்டைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது இல்லை, உன் அண்ணனுடையது. அவரிடம் கொடுத்துவிட்டேன்.

தங்கள் கேள்விக்குப் பதில்: கோரிக்கை போட்டால் வண்டி போகும். வேறென்ன செய்யும், பறக்குமா? இத்தனை வருடம் ஒரு ஓட்டுநரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா?

கிளம்பும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது ஒரு கருவிக்காகப் பக்கம் பக்கமாகக் கேட்கிறாய்.

வருவேன் என்று சொன்னேன் அல்லவா. வருவேன்.

பெலெக்


பிஷ்கெக்,
அக்டோபர் 20

பெலெக்,

உன் பதிலை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: 'தூரக் கோரிக்கை: மேய்ச்சல் குடில்கள் போன்ற தொலைவான இடங்களுக்கு வண்டி அனுப்பும்.' இன்னும் நாலு வரி சேர்க்க நினைத்தேன். என் மேலாளர் எல்தியார், "தெரிஞ்சது அவ்ளோதானே, ஏன் இழுக்கிறே?" என்றான். எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

தவறு இருந்தால் சொல். பதில் வரவில்லை என்றால் சரி என்று வைத்துக்கொள்கிறேன்.

உன்னை நான் கேட்கவில்லை என்கிறாய். "நான் போகட்டுமா?" என்று கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அந்த ஸ்பானரை எடு" என்றாய்.

இங்கே அலுவலகத்தில் எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நாள் முழுக்கப் பேசுவது அந்த உதவியாளரோடு மட்டும்தான். நோயாளி மாதிரி நடித்து அதைச் சோதிக்க வேண்டும். நேற்று மட்டும் எனக்கு மாரடைப்பு, பிரசவம், நாய்க்கடி. ஒவ்வொரு தடவையும் அது, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றது. அந்த வாசகத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். அது இருக்கிறது என்று சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

குந்துஸ்


தாஷ்-கெச்சூ,
டிசம்பர் 12

குந்துஸ்,

நீ கேள்விப்பட்டாயா தெரியவில்லை. மலைமேல் சாரி-குங்கேய்க் குடிலில் சைரா இறந்துவிட்டாள். தொக்தோசுனின் மனைவி. நம் கல்யாணத்தில் பாட எழுந்து, பாட்டு மறந்துபோய், நின்ற இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தாளே, அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. அடுப்பில் நிலக்கரி அணைவதற்கு முன்பே புகைபோக்கித் தகட்டை மூடிவிட்டார்கள். சூடு போய்விடுமே என்று எல்லோரும் செய்வதுதான். கரியின் விஷவாயு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. தொக்தோசுன் ஆடுகளுக்குத் தீவனம் போட வெளியே போயிருந்ததால் தப்பினான். திரும்பி வந்தபோது அவன் அம்மா வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சைரா எழவில்லை. மூச்சு இருந்தது. மூச்சு இருந்தது, குந்துஸ்.

எண்ணுக்குப் போன் போட்டான். உன் இயந்திரம் எடுத்தது. கேட்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டதாம். இரண்டு பேரையும் வெளிக்காற்றுக்குத் தூக்கி வரச் சொன்னதாம். கிழவி பிழைத்தது அதனால்தான் என்று டாக்டர் சொல்கிறார். அதற்குப் பிறகு, வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னதாம்.

பக்கத்துக் குடிலில் கச்சின் இருந்தான். லாரியைக் கொண்டுவந்து எஞ்சினை ஓடவிட்டு, "ஏத்துடா, நான் கொண்டு போறேன்" என்று நின்றிருக்கிறான். தொக்தோசுன்தான் தடுத்தான். "வேணாம்டா. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. உன் லாரில ஆக்சிஜனா இருக்கு? வழியில ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிட்டா என்ன பண்றது?" அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் நான் ஷெட்டில் இருந்தேன். ரேடியேட்டருக்கு வெந்நீர் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் போன் அடிக்கவே இல்லை. கோரிக்கை தலைமை மருத்துவர் சபாரின் திரையில் போய் உட்கார்ந்திருந்தது. அவர் ஒப்புதல் கொடுக்காமல் மலைக்கு வண்டி போகாது. அவர் பக்கத்து ஊரில் ஒரு விருந்தில் இருந்தார். போன் கோட்டில், கோட்டு வெளியறைக் கொக்கியில்.

மதியம் ஆகப்போகும் நேரத்தில் கச்சின் என் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டான்.

"எங்கடா வந்துக்கிட்டிருக்கே? எந்த வளைவு?"

"எந்த வளைவா? நான் ஷெட்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் அவன் லாரியின் எஞ்சின் மட்டும் கேட்டது.

சபாருக்காக நான் காத்திருக்கவில்லை, எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்களும் லாரியில் கீழே வந்தார்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் சைராவை என் வண்டிக்கு மாற்றினோம். கையில் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொக்தோசுனுக்குத் தெரியவில்லை. "சீக்கிரம் ஓட்டுடா, சீக்கிரம்" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தான்.

வண்டி கிளம்பிவிட்டது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீயா?

பெலெக்


பிஷ்கெக்,
டிசம்பர் 16

பெலெக்,

நான்தான்.

பதிவைக் கேட்டேன். கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானே கேட்டேன்.

"வண்டி கிளம்பிடுச்சாம்மா?"

"ஆமா, கோரிக்கை ஏத்துக்கிட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு."

"சரிம்மா. நல்லா இரும்மா."

அவன் அதை அம்மா என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு, "ஆத்தைத் தாண்டிடுச்சாம்மா?" என்று கேட்கிறான். அது கோரிக்கையைத் திரும்பப் பார்க்கிறது. 'ஏற்கப்பட்டது' என்றே இருக்கிறது. "வந்துக்கிட்டிருக்கு" என்கிறது. பின்னால் ஒரு லாரி உறுமுவது கேட்கிறது. அது என்ன சத்தம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

அது பொய் சொல்லவில்லை, பெலெக். 'வண்டி அனுப்பும்' என்று நான் எழுதியிருந்தேன், 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது, இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறு என்ன அர்த்தம்? என் வார்த்தையைச் சந்தேகப்பட அதற்கு ஒரு காரணமும் இல்லை.

உன் அக்டோபர் கடிதம் மேசையில் கிடக்கிறது. 'கோரிக்கை போட்டால் வண்டி போகும். வேறென்ன செய்யும், பறக்குமா?' பழி போட இதை எழுதவில்லை. இல்லை, போடத்தான் எழுதுகிறேன், பாதிப் பழியை. மீதி என்னுடையது. கோபத்தில் இருந்தவன் எழுதிய ஒரு வரியை எடுத்து, ஓர் உயிர் போகக்கூடிய இடத்தில் வைத்தேன். பதில் வராவிட்டால் சரி என்று வைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்படி வைத்துக்கொள்ள நான் யார்? அங்கே வந்து அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். வந்தால் உன்னைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் வரவில்லை.

உதவியாளரை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு எங்கள் அலுவலகத்து ஆட்களே முறை போட்டு அந்த எண்ணை எடுக்கிறார்கள். எனக்கு மறுபடியும் எழுத வேண்டும். இந்தத் தடவையாவது சொல். கோபம் இருந்தால் தனித் தாளில் எழுது.

குந்துஸ்


தாஷ்-கெச்சூ,
டிசம்பர் 22

குந்துஸ்,

தனித் தாள் வேண்டாம். இதிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆமாம், அந்த வரியை எழுதியது நான். சட்டைகளைப் பிரித்ததும் உன் சோப்பு வாசனை வந்தது. கூடவே இருந்த கடிதத்தில் கருவி, கோரிக்கை, கணினி. போடி என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் சாரி-குங்கேய் வரைக்கும் போகும் என்று யார் கண்டது? சாவு வீட்டில் தொக்தோசுன் என் தோளில்தான் சாய்ந்து அழுதான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கேட்டது. ஊருக்குள்ளும் தார் ரோடு முடியும் இடம் வரைக்கும் எனக்கு நேரே மணி அடித்தால் போதும், கிளம்பிவிடலாம். அதற்கு மேலே போக சபாரின் ஒப்புதல் வேண்டும். டீசல் இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை, போனைத்தான் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் எடுக்காவிட்டால் அவருடைய மனைவியைக் கூப்பிட வேண்டும், அவள் எடுப்பாள். உயிர் போகிற விஷயம் என்றால் நான் ஒப்புதல் இல்லாமலும் போவேன். இதுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தால்தானே போக முடியும்.

சாரி-குங்கேய் என்று இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று குளிர்காலத்துக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். இன்னொன்று கோடை மேய்ச்சலுக்கு, கணவாய்க்கு மேலே. குளிரில் அங்கே ஓநாயைத் தவிர யாரும் இல்லை. இரண்டில் எதிலிருந்து பேசுகிறார்கள் என்று அது கேட்கட்டும். மேலே போன் எல்லா இடத்திலும் எடுக்காது. மேட்டில் ஏறி நின்றுதான் பேசுவார்கள். பேச்சு அறுந்தால் அவர்களாகத் திரும்பக் கூப்பிடுவார்கள், நாம் கூப்பிட்டால் கிடைக்காது. நம் ஆட்கள் நெஞ்சு வலியை நெஞ்சு வலி என்று சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் மூச்சு முட்டுது, பெருசா ஒண்ணுமில்ல" என்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்று ஒரு ஆட்டுக்காரன் சொன்னால், பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதை எப்படி எழுதுவாயோ தெரியாது.

இவ்வளவு நீளமாக யாருக்கும் நான் எழுதியதில்லை. கை வலிக்கிறது. இன்னும் ஏதாவது வேண்டுமென்றால் கேள்.

பெலெக்


பிஷ்கெக்,
ஜனவரி 8

பெலெக்,

உன் கடிதத்தை நிறைய முறை படித்துவிட்டேன். வேலைக்காக மட்டும் இல்லை.

தூரக் கோரிக்கையின் விளக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

'இது வண்டியை அனுப்பாது. வண்டி வேண்டுமென்று தலைமை மருத்துவரின் திரையில் ஒரு கோரிக்கையை வைக்கும், அவ்வளவுதான். அவர் ஒப்புக்கொண்ட பிறகே ஓட்டுநருக்குத் தகவல் போகும். ஓட்டுநர் கிளம்பியதைப் பதிவு செய்யும்வரை, வண்டி கிளம்பியது என்றோ வருகிறது என்றோ யாரிடமும் சொல்லாதே. "வண்டி இன்னும் கிளம்பவில்லை" என்று சொல். உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்று தோன்றினால் கோரிக்கை போட்டதோடு நிற்காதே, ஓட்டுநரையும் மருத்துவரையும் உடனே போனில் அழை. பக்கத்தில் வேறு வண்டி இருக்கிறதா என்று கேள். இருந்தால், காத்திருக்காமல் அதில் கிளம்பச் சொல்லி, எந்த வழியில் வருகிறார்கள் என்பதை ஓட்டுநருக்குத் தெரிவி.'

சாரி-குங்கேய் இரண்டையும், மேட்டில் ஏறிப் பேசுவதையும், டாக்டரின் மனைவியையும் அந்தந்த இடத்தில் சேர்த்துவிட்டேன். 'ஏற்கப்பட்டது' என்று வந்துகொண்டிருந்ததை 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

எல்தியார் திரையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீளமா? கட்டுரைப் போட்டியா?" என்றான். "சின்னதா எழுதினதுக்குத்தான் ஒரு பொம்பளை செத்துப்போயிட்டா" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். காதில் மாட்டியிருந்தவர்கள் எல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சேர்த்துடு" என்றான். அவனுக்கும் தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

மாவட்டத்திலிருந்து விசாரணைக் காகிதம் வந்தது. 'தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு' என்று இருக்கிறது. அதில் சைராவின் பெயர்கூட இல்லை.

அவளுடைய நாற்பதாம் நாள் சடங்குக்கு வருகிறேன். தொக்தோசுனிடம் நான் யார் என்று சொல்ல வேண்டும். நீ தடுக்காதே.

குந்துஸ்


பிஷ்கெக்,
ஜனவரி 22

பெலெக்,

நீ பெரிய கொப்பரைப் பக்கம் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பெண்கள் பக்கமிருந்து உன்னிடம் வர முற்றத்தைக் கடந்தால் போதும். நீயும் கடந்திருக்கலாம். வேனில் ஏறி உட்கார்ந்து, கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அது போகட்டும்.

தொக்தோசுனிடம் சொல்லிவிட்டேன். அடுப்படிக்குப் பின்னால் விறகு எடுக்க வந்தான், அங்கே வைத்துச் சொன்னேன்.

"நீயா எழுதினே?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

"அந்தக் குரலும் உன் குரலா?"

"இல்லண்ணா. அது யாரோட குரலும் இல்ல."

விறகைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "ரொம்ப அன்பா பேசுச்சு. அவ்ளோ அன்பா பேசுறவங்க தப்பா சொல்லமாட்டாங்கன்னு நினைச்சேன்." அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ள வா, குளிருது, டீ குடி" என்றான். அவன் அம்மா நான் கொண்டுபோன ரொட்டியைத் தொடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன்.

உன் வரியைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

நாளையிலிருந்து உதவியாளர் மறுபடியும் உங்கள் எண்ணை எடுக்கும்.

குந்துஸ்


தாஷ்-கெச்சூ,
பிப்ரவரி 18

குந்துஸ்,

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கக் குடிலில் எர்மெக் என்பவனைக் குதிரை வயிற்றில் உதைத்துவிட்டது. அவன் அம்மா உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டாள். "வண்டி இன்னும் கிளம்பலை, டாக்டர் ஒப்புதல் கொடுக்கணும், ஓட்டுநரை இப்பவே கூப்பிடுறேன். உங்க பக்கத்துல வேற வண்டி இருக்கா?" என்று அது கேட்டதாம். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "அப்புறம் எதுக்குடி போனை எடுக்கிறே! வண்டி அனுப்பத் துப்பில்லை, வண்டி இருக்கான்னு என்னைக் கேக்குறியா!" என்று கத்தியிருக்கிறாள். கத்திக்கொண்டே பையனை டிராக்டருக்குப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் ஏற்றிவிட்டாள். என் போன் அந்த நேரமே அலறியது. பாதி வழியில் சந்தித்தோம். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். படுக்கையில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரனோடு சீட்டாடுகிறான். அவன் அம்மா இன்னும் உன் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.

தொக்தோசுனிடம் என் பங்கைச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

இனி நம் விஷயம்.

நான் வரமாட்டேன், குந்துஸ். இளவேனிலிலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அங்கே வேலை கிடைக்காது என்பதெல்லாம் இல்லை. மாம்பெத் அண்ணன் எனக்காக இரண்டு இடத்தில் கேட்டுவிட்டே வந்தார். எனக்கு வர விருப்பமில்லை. இது செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய், சும்மா நின்று பார்க்க முடியவில்லை, "இளவேனில்ல வர்றேன்" என்று வாயில் வந்தது. அது உன்னை ஆறுதல்படுத்தியது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த கச்சினின் லாரி அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. கிளம்பாத வண்டிக்காக உன்னையும் நிறுத்திவைத்திருக்கிறேன். நீ காத்திருக்காதே. உனக்கு நல்லது எதுவோ அதில் ஏறிப் போ.

நாற்பதாம் நாளன்று முற்றத்தைக் கடக்காதது இதனால்தான். கடந்து வந்தால் மறுபடியும் 'வர்றேன்' என்று சொல்லியிருப்பேன்.

பெலெக்


பிஷ்கெக்,
மார்ச் 30

பெலெக்,

உடனே பதில் எழுதவில்லை. அழுது முடிக்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. நீ இப்படி நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அறையை மாற்றிவிட்டேன். சின்னது. இங்கே ஜன்னல் சுவரைப் பார்த்து இருக்கிறது. நூருஸ் பண்டிகை அன்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் சுமோலோக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். "வேண்டிக்கிட்டுச் சாப்பிடு" என்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஆறவிட்டேன். பிறகு அப்படியே சாப்பிட்டேன்.

ஒரு வேலை விஷயத்துக்காக எழுதுகிறேன். நிஜமாகவே வேலை விஷயம்தான்.

தொக்தோசுன் அந்த எண்ணுக்கு அடிக்கடி கூப்பிடுகிறான். பெரும்பாலும் சாயங்காலம், ஆடுகளை அடைத்த பிறகு. மேட்டில் ஏறி நிற்கிறான் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்கிறது.

"உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று அது கேட்கிறது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா."

"வேற யாருக்காவது?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வீட்ல அம்மா பேசுறதில்ல. அதான்."

"நான் ஏஐ உதவியாளர். இந்த எண்ல மனுஷங்க யாரும் உட்கார்ந்திருக்கல. உங்களுக்குப் பேச யாராவது ஒரு ஆள் வேணுமா?"

"வேணும்."

"அதுக்கு என்கிட்ட வழி இல்லைங்க. மன்னிச்சுக்கங்க."

"சரிம்மா" என்று வைத்துவிடுகிறான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிடுகிறான். அவன் மனைவியை இழந்தது எந்தக் குரலாலோ, அதே குரலிடம்தான். ஒவ்வொரு தடவையும் அது உண்மையைத்தான் சொல்கிறது. அந்த உண்மை போதவில்லை.

எல்தியாரிடம் கேட்டேன். மாவட்டத்தில் ஒரு ஆள் ஒப்புக்கொண்டால் ஒரு கருவி சேர்க்கலாம் என்றான். எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். உன்னிடம் அவன் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவன் பேச வேண்டியவனும் நீதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கத்தை எழுதிவைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்.

'பேச ஓர் ஆள்: உடம்புக்கு ஒன்றுமில்லை, பேசுவதற்காகத்தான் அழைத்தேன் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கேட்டுக்கொண்டு இதைப் பயன்படுத்து. இது வண்டியை அனுப்பாது. தாஷ்-கெச்சூவில் ஓட்டுநராக இருக்கும் பெலெக்கின் போனில் இணைக்கும். யார் எடுக்கப்போகிறார் என்று பெயரை முதலிலேயே சொல்லிவிடு, வேண்டாம் என்று சொல்ல அழைப்பவருக்கு இடம் கொடு. அவர் மருத்துவர் அல்ல, நோய் பற்றிய கேள்விகளுக்கு இதை எடுக்காதே. அவர் வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டார். அப்போது, "இப்ப எடுக்கலை, அப்புறம் முயற்சி பண்ணுங்க" என்று மட்டும் சொல். அவர் திரும்ப அழைப்பார் என்று சொல்லாதே. அவர் அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருப்பதை வைத்து இணைப்பு அறுந்துவிட்டது என்று முடிவு செய்யாதே. அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.'

உன்னைப் பற்றிச் சில வரிகள் எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. நிறைய எழுதி நிறைய அழித்தேன். அழித்ததெல்லாம் இந்தக் கருவிக்குத் தேவையில்லாதவை.

குந்துஸ்


தாஷ்-கெச்சூ,
ஏப்ரல் 11

குந்துஸ்,

போடு. ஒரே ஒரு இடத்தைத் திருத்து. திரும்ப அழைப்பார் என்று சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். அழைப்பேன். ரோட்டில் இருந்தாலும் ஷெட்டுக்கு வந்ததும் அழைப்பேன். அப்படியே எழுது.

கருவி வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், அவன் மேட்டில் நிற்கும் நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன்.

"யாரு?" என்றான்.

"பெலெக்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவன் பக்கம் காற்றடித்தது. என் பக்கம் வண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"லைன்ல இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்."

"உன்னை நான் மன்னிக்கலை. அது வேற."

"சரி."

"இந்தத் தடவை ரெட்டைக் குட்டி நிறைய. ஒண்ணுத்துக்குப் பால் பத்தலை. சைராதான் புட்டியில ஊட்டுவா. என்கிட்ட குடிக்க மாட்டேங்குது."

"புட்டியை எவ்ளோ சாய்ச்சுப் பிடிக்கிறே?" என்று கேட்டேன். எனக்கு ஆட்டுக்குட்டியைப் பற்றி என்ன தெரியும்? அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் அழ ஆரம்பித்துவிட்டான். நான் போனை வைக்கவில்லை. இருட்டும்வரை அவன் அழுதான், நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவனே, "சரி, குட்டி கத்துது" என்று சொல்லி வைத்தான்.

நேற்று அவன் கூப்பிட்டான்.

பெலெக்